தியேட்டரில் தலைமை: சத்திரசிகிச்சை வைத்தியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை போன்ற மாவட்டத்தில் வேலை செய்யும் சத்திரசிகிச்சை நிபுணர்கள், சிரேஷ்ட பதிவாளர்கள், பதிவாளர்கள், எச்.ஓ.க்கள் எனப்படும் இளநிலை வைத்தியர்களுக்காக இந்தப் பக்கம். கொழும்பில் ஒரே துறையில் நான்கு நிபுணர்கள் இருக்கலாம். இங்கே இரவு இரண்டு மணிக்கு நீங்கள் ஒருவர்தான். கீழே வரும் பதில்கள் அந்த நிலைமையை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

நிபுணர்தான் எப்படியும் தலைவர். இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது?

நியமனக் கடிதம் பொறுப்பைத் தரும். வயிறு திறந்திருக்கும்போது ஆறு பேரின் கவனத்தை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பழக்கத்தை அது தராது. அந்தப் பழக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாம், பார்த்துப் புள்ளியும் போடலாம். அபர்டீன் பல்கலைக்கழக உளவியலாளர்களும் எடின்பரோ றோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய 'நொட்ஸ்' முறை இதற்காகவே வந்தது. கைத்திறனுக்கு வெளியே உள்ள திறன்களை அது நான்காகப் பிரிக்கிறது: நிலைமையைக் கவனித்தல், முடிவெடுத்தல், பேச்சும் கூட்டுவேலையும், தலைமை. தலைமைக்குள் மூன்று கூறுகள்: ஒழுங்கை நிறுவி அதைக் காத்தல், மற்றவர்களுக்குத் துணை நிற்றல், நெருக்கடியைத் தாங்குதல்.

மூன்றுமே கண்ணால் காணக்கூடியவை. கருவி, துணி எண்ணும் கவுண்ட் முடியும்வரை தையலைத் தொடங்காமல் நிற்கிறாரா? முதல்முறை ஸ்க்ரப் ஆகும் (கை கழுவி மேசையில் கருவி எடுத்துத் தரும்) தாதிக்கு அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்கிறாரா? இரத்தம் வரும்போது குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஆளுமை, கம்பீரம் என்றெல்லாம் பேசத் தொடங்கினால் இது பிறவிக் குணமாகிவிடும், பயிற்சிக்கு இடமில்லாமல் போகும்.

காலையில் லிஸ்ட் தொடங்கும் முன் என்ன பேச வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நடைமுறைப்படுத்த நேரம் இருக்கிறதென்றால் இதையே எடுங்கள். முதல் நோயாளி மேசைக்கு வருமுன் ஐந்து நிமிடம். மயக்கமருந்து வைத்தியர், ஸ்க்ரப் தாதி, வெளியில் நின்று சாமான் எடுத்துத் தரும் தாதி, எச்.ஓ., அட்டென்டன் எல்லோரும் நிற்க வேண்டும். அட்டென்டனை விட்டுவிடுவது வழக்கமான பிழை. இரத்தப் பை கொண்டுவர ஓடப்போவது அவர்தான்.

முதலில் பெயர்கள். தெரிந்த முகம்தானே என்று விடாதீர்கள். வருடாந்த இடமாற்றத்தில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள், புதிதாக வந்தவருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்களுக்கு அவர் பெயர் தெரியாது. வெள்ளைப் பலகையில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரியாதவரிடம் அவசரத்தில் வேலை சொல்ல முடியாது. 'யாராவது ஒராள் இரத்தம் கேளுங்க' என்றால் அந்த யாராவது கடைசிவரை வரமாட்டார்.

பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு விடயம்: என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் எடுக்கும், எங்கே சிக்கல் வரலாம், வந்தால் என்ன செய்வோம். 'மூன்றாவது கேஸ் திரும்ப வந்த ஹேர்னியா, மெஷ் ஏற்கனவே இருக்கு. குடல் ஒட்டியிருந்தால் இரண்டரை மணித்தியாலம் போகும். குடல் வெட்ட வேண்டி வந்தால் அதற்கான செட் உள்ளே இருக்கட்டும்.' இவ்வளவு போதும். மயக்கமருந்து வைத்தியர் அவர் பக்கத்தைச் சொல்வார்: சீனி கூடியவர், வாய் சரியாகத் திறக்காதவர், ஐ.சி.யூ. கட்டில் தேவைப்படுபவர்.

கடைசியாக ஒரு வாக்கியம், அதை நிபுணரே தன் வாயால் சொல்ல வேண்டும்: 'நான் ஏதாவது பிழையாகச் செய்யப்போவது போல் தெரிந்தால் யார் என்றாலும் உடனே சொல்லுங்க.' முதல் மாதம் ஒருவரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒருநாள் ஒரு தாதி சொல்வார், அதுவும் தேவையில்லாத விடயமாக இருக்கும். 'நன்றி மிஸ், பார்த்தேன், சரியாக இருக்கு' என்று நீங்கள் சொல்லும் விதத்தை அறையே கவனித்துக்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் செக்லிஸ்ட் நிரப்புகிறோமே, அது போதாதா?

2008இல் வெளியான அந்த 19 அம்சப் பட்டியல் மூன்று கட்டமாக நடக்கிறது: மயக்கம் கொடுக்குமுன், தோலை வெட்டுமுன், நோயாளி அறையை விட்டுப் போகுமுன். எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில் 101 வைத்தியசாலைகள் அதே பட்டியலைக் கையாண்டபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அது 2014இல் வெளிவந்தது. தாள் ஒன்றுதான், அதைப் படித்த விதம் வேறாக இருந்திருக்கலாம் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

நம் தியேட்டர்களில் அது கெட்டுப்போகும் விதம் எல்லோருக்கும் தெரியும். தாதி தனியாக மூலையில் நின்று பெட்டிகளில் சரி போடுகிறார், நிபுணர் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறார். சில இடங்களில் மூன்று கட்டத்துக்கும் ஒரே நேரத்தில் சரி விழுந்துவிடும். தோலை வெட்டுமுன் உள்ள கட்டத்தை நிபுணரே சத்தமாகத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். கத்தியைத் தாதி அதுவரை தராமல் வைத்திருக்கலாம் என்று நிபுணரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மீதியும் தீரும். அன்டிபயோட்டிக் கடைசி 60 நிமிடத்துக்குள் போனதா என்ற கேள்விக்கு 'ஓம்' என்ற பதில் வேண்டாம். எத்தனை மணிக்குப் போனது என்று கேளுங்கள்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஓடும் தியேட்டரில் எந்த மொழியில் பேசுவது?

வேலைக்கு எது ஓடுகிறதோ அது. கருவிப் பெயர்கள் எப்படியும் ஆங்கிலம்தான். ஆனால் மூன்று இடங்களில் நிபுணர் தலையிட வேண்டும்.

ஒன்று, நிறுத்தச் சொல்லும் சொல். 'நிறுத்துங்க', 'நவத்தன்ன' எல்லாம் கலந்து வந்தால் பதற்றத்தில் காதில் ஏறாது. 'ஸ்டொப்' என்ற ஒரு சொல்லைக் காலைப் பேச்சில் எல்லோருக்கும் பொதுவாக ஒத்துக்கொள்ளுங்கள். அது கேட்டால் எல்லாக் கையும் நிற்க வேண்டும், கேள்வி அதற்குப் பிறகுதான்.

இரண்டு, நோயாளியோடு சரிபார்ப்பது. 'நீங்கதானே முகம்மது, வலப்பக்க ஹேர்னியாதானே?' என்று கேட்டால் பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், அதுவும் அவருக்கு முழுதாக விளங்காத மொழியில் கேட்டால் இன்னும் நிச்சயமாக. 'உங்கட முழுப் பேர் என்ன? என்ன ஒப்பரேஷன்? எந்தப் பக்கம், கையால் காட்டுங்க' என்று அவரது மொழியில் கேட்க வேண்டும். வலம் இடம் தடுமாறும் வயதானவர் 'சோத்துக்கைப் பக்கம்' என்றால் உடனே காட்டிவிடுவார். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நோயாளிகள் அதிகமுள்ள லிஸ்டில் ஒரே பெயரோடு இருவர் வருவது சாதாரணம், பி.எச்.டி. (நோயாளியின் வார்டுப் பதிவேடு) இலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று, அறையில் ஒருவருக்குப் புரியாத மொழியில் சிரித்துப் பேசுவது. அவர் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார், அன்று முழுக்க வாய் திறக்கமாட்டார். இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்கும் நிபுணர்கள் நிறைய.

கொஞ்சம் சத்தம் போட்டால்தானே வேலை நடக்கிறது?

நடக்கிறது, உங்கள் கண் முன்னால் மட்டும். திட்டு வாங்கிய தாதி அடுத்த முறை கருவியை வேகமாகத் தருவார். ஆனால் பேக் (இரத்தம் ஒற்றும் துணி) எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் சொல்லாமல் தானே திரும்பத் திரும்ப எண்ணுவார். நீங்கள் வேகத்தை வாங்கித் தகவலை விற்றிருக்கிறீர்கள்.

கோபம் வரும், அதை யாரும் தடுக்க முடியாது. வந்தால் கையை எடுத்து மேசையில் வைத்து, இரண்டு மூச்சு விட்டு, குறைந்த குரலில் தேவையை மட்டும் சொல்லுங்கள்: 'இந்த டயதேர்மி வேலை செய்யவில்லை, மற்றதைத் தாங்க.' ஏன் பழுது, யார் பார்க்கவில்லை என்ற விசாரணை தோலைத் தைத்த பிறகு. யாரையாவது எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டால் அன்றே, எல்லோர் முன்னாலும் சரி செய்யுங்கள். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் ஏசியதைப் பார்த்த மற்ற நால்வருக்கும் அது தெரியாது.

பேக் எண்ணிக்கை ஒன்று குறைகிறது, நிபுணருக்கோ அவசரம். என்ன நடக்க வேண்டும்?

எண்ணுவது மூன்று தடவை: தொடங்குமுன், உடற்குழியை மூடுமுன், தோலை மூடுமுன். இருவர் சேர்ந்து, பார்த்து, சத்தமாக. குறைகிறது என்றால் தாதி 'கவுண்ட் சரியில்லை, ஒரு பேக் குறையுது' என்று அறைக்கே கேட்கச் சொல்ல வேண்டும்.

அந்த நொடியில் நிபுணர் செய்யும் முதல் காரியம் தையலை நிறுத்துவது. இரண்டாவது, மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டாம் என்று மயக்கமருந்து வைத்தியரிடம் சொல்வது. மூன்றாவது, கையை உள்ளே விட்டு முறையாகத் தேடுவது: கல்லீரலுக்கு மேலும் கீழும், மண்ணீரல் பக்கம், இரு பக்கக் குடல் ஓரங்கள், இடுப்புக்குழி, குடல் மடிப்புகளுக்கு நடுவே. அதே நேரம் மற்றவர்கள் பக்கெட், துணிகளின் மடிப்பு, தரை, குப்பைப் பை, செருப்புக்கு அடி எல்லாம் பார்ப்பார்கள். கிடைக்கவில்லையென்றால் நோயாளி அறையை விட்டுப் போகுமுன் எக்ஸ்ரே. பேக்கில் உள்ள நூல் படத்தில் தெரியும்.

'உள்ளே இல்லை, எனக்குத் தெரியும், நீங்க பிழையாக எண்ணியிருப்பீங்க' என்பதே மிக ஆபத்தான வாக்கியம். நிபுணர் தன் ஞாபகத்தைத் தாதியின் எண்ணிக்கைக்கு மேலே வைக்கிறார். அந்த இடத்தில் அவர் தோற்றாலும் வென்றாலும் அந்தத் தாதியின் அடுத்த எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும்.

சேரை எதிர்த்துச் சொல்ல ஜூனியருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எதிர்ப்பு என்ற எண்ணத்தோடு தொடங்கினால் நம் பண்பாட்டில் அது ஓடாது. படிப்படியாக ஏறும் சொல்முறை இருந்தால் மரியாதையும் கெடாது, செய்தியும் மறையாது. விமானத்துறையிலிருந்து வந்த நான்கு படி முறை, பித்தப்பை எடுக்கும் ஒரு கேஸில், இப்படித் தமிழில் வரும்:

'சேர், அந்தக் குழாய் எதென்று எனக்கு விளங்கவில்லை, சொல்லித் தருவீங்களா?' பதில் இல்லையென்றால், 'சேர், அது பொதுப் பித்தக்குழாயாக இருக்குமோ என்று யோசிக்கிறேன்.' அதற்கும் கை நிற்கவில்லையென்றால், 'சேர், கிளிப் போடுமுன் ஒருக்கா நிற்பம், எனக்கு இது பாதுகாப்பாகத் தெரியவில்லை.' கடைசியில், 'ஸ்டொப், சேர்.'

நம்மவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுவார்கள், கேள்வி கேட்டாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஆகவே முதல் படியை எச்சரிக்கையாகக் கேட்கப் பழகவேண்டியது நிபுணர். எச்.ஓ. திடீரென்று பாடக் கேள்வி கேட்டால் பெரும்பாலும் அது பாடக் கேள்வியாக இருக்காது.

நெருக்கடியில் மயக்கமருந்து வைத்தியரா, நானா தலைவர்?

எந்த நெருக்கடி என்பதைப் பொறுத்தது. மூச்சுப்பாதை போனால் அவர். இரத்தம் போனால் இடத்தை அடைப்பது நீங்கள், உடலை நிறுத்தி வைப்பது அவர். யார் நடத்துகிறார் என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும்.

2005இல் இங்கிலாந்தில் சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மயக்கம் கொடுத்தபின் மூச்சுப்பாதை கிடைக்கவில்லை. அனுபவமுள்ள வைத்தியர்கள் மூவர் அறையில் இருந்தார்கள். தாதி ஒருவர் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, அது தயார் என்றும் சொன்னார். வைத்தியர்கள் குழாய் போட முயன்றுகொண்டே இருந்தார்கள். அந்தப் பெண் சில நாட்களில் இறந்தார். கணவர் ஒரு விமானி. பிறகு அவர் தொடங்கிய வேலையால்தான் இந்த விடயம் பிரித்தானியாவில் பெரிதாகப் பேசப்பட்டது. அங்கே ஒருவருக்கும் அறிவுக் குறை இல்லை. நேரம் எவ்வளவு போனது என்பதையும், யார் நடத்துகிறார் என்பதையும் சொல்ல ஆளில்லாமல் போனது. அதனால்தான் நெருக்கடி தொடங்கியவுடன் ஒருவரை மணிக்கூட்டுக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு இரண்டு நிமிடமும் அவர் நேரத்தைச் சத்தமாகச் சொல்வது மட்டும்தான் அவர் வேலை.

பெரிய இரத்தப்போக்கு. முதல் சில நிமிடங்களில் நான் என்ன சொல்ல வேண்டும்?

மோட்டார் சைக்கிள் விபத்தில், அல்லது யானை தாக்கி, மண்ணீரலும் கல்லீரலும் கிழிந்து வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறக்குமுன்பே 'திறந்தவுடன் பிரஷர் விழும், தயாரா?' என்று மயக்கமருந்து வைத்தியரிடம் கேட்டு, பதில் வந்த பிறகே திறக்க வேண்டும். திறந்ததும் நான்கு மூலையிலும் பேக் வைத்து அழுத்துங்கள். பிறகு கையை எடுக்காமல் நில்லுங்கள். இளம் வைத்தியர்களுக்கு மிகக் கடினமான வேலை இந்த நிற்றல். இரத்தம் தெரிகிறது, கை துடிக்கிறது. ஆனால் அழுத்தி நிற்கும் அந்த ஐந்து, பத்து நிமிடத்தில்தான் மேலே இரத்தம் ஏறும், ஆள் கூடுவார், நீங்களும் யோசிப்பீர்கள்.

அப்போது பேச வேண்டியது: 'கல்லீரல் வலப்பக்கம், அழுத்தியிருக்கிறேன், இப்போதைக்கு நிற்குது. ரமணி மிஸ், இரத்த வங்கிக்கு எடுங்க, பெரிய இரத்தப்போக்கு என்று சொல்லுங்க, என்ன கிடைக்கும் என்று கேட்டு எனக்கே திரும்பச் சொல்லுங்க.' அவர் திரும்பச் சொன்னால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. டிரனெக்சாமிக் அசிட் 1 கிராம் 10 நிமிடத்தில், காயம் பட்டு 3 மணித்தியாலத்துக்குள். அடுத்த 1 கிராம் 8 மணித்தியாலம் முழுக்க மெதுவாக. போய்விட்டதா என்று கேளுங்கள், போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். செங்குருதி, பிளாஸ்மா, பிளேட்லெட் சமமாகப் போக வேண்டும் என்பது இலக்கு. இருப்பு குறைந்த இடத்தில் எதை எப்போது திறப்பது என்று மயக்கமருந்து வைத்தியரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே, பீ.எச். 7.2க்குக் கீழே, வெட்டிய இடமெல்லாம் கசிகிறது என்றால் பூரணமாகத் திருத்தும் ஆசையை விடுங்கள். பேக் வைத்து, கிழிந்த குடலைக் கட்டி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஐ.சி.யூ.வுக்கு. இந்த முடிவை நிபுணர் சத்தமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் இன்னும் இரண்டு மணித்தியால வேலைக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். உள்ளே விட்ட பேக் எத்தனை என்று பி.எச்.டி.யில் எழுதுங்கள்.

வேறு வைத்தியசாலைக்கு அனுப்புவதும் தலைமைக்குள் வருமா?

இங்கே அதுதான் பெரிய பகுதி. அநுராதபுரமோ மட்டக்களப்போ 100 கிலோமீற்றருக்கு மேல். காட்டில் மிருகங்களுக்கு வைக்கும் கட்டுத்துவக்கு வெடித்து முழங்காலுக்குப் பின்னால் இரத்தக்குழாய் அறுந்தவருக்குச் சுமார் 6 மணித்தியாலம்தான் கணக்கு, அதில் ஒரு பகுதி காட்டிலேயே போயிருக்கும். இரத்தக்குழாய் நிபுணருக்காகக் காத்திருப்பதா, ஃபீடிங் டியூப் துண்டொன்றைத் தற்காலிகப் பாலமாக உள்ளே கட்டி இரத்தத்தை ஓடவிட்டு அனுப்புவதா என்பதைக் காயம் பட்ட நேரத்தைக் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும். அந்த நேரத்தைப் பலகையில் எழுதுங்கள், 'இரவு எட்டு மணிக்குள் காலில் இரத்தம் ஓட வேண்டும்' என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

தொலைபேசியில் வரிசை: யார், என்ன பிரச்சினை, பின்னணி, உங்கள் கணிப்பு, அவரிடம் வேண்டுவது. நம்மவர்கள் பின்னணியில் தொடங்கி வேண்டுவதைச் சொல்லாமலே வைத்துவிடுவார்கள்.

பதிவாளருக்குத் தலைமையை எப்படிக் கையளிப்பது?

கத்தியை மட்டும் கொடுத்துவிட்டு அறையை நீங்களே நடத்தினால் அவர் வெட்டக் கற்றுக்கொள்வார், நடத்தக் கற்றுக்கொள்ளமாட்டார். நான்கு படியாகக் கொடுக்கலாம்: நீங்கள் செய்து சொல்லிக் காட்டுவது, நீங்கள் வழிநடத்த அவர் செய்வது, அவர் நடத்த நீங்கள் கெட்டிக்கார உதவியாளராக மட்டும் நிற்பது, கடைசியில் பேசாமல் பார்ப்பது. எந்தப் படி என்று தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். அறைக்கும் சொல்லுங்கள்: 'இன்றைக்குக் கேஸ் டொக்டருடையது, கேட்பதை அவரிடம் கேளுங்க.' இதைச் சொல்லாவிட்டால் தாதியின் கண் உங்கள் பக்கமே இருக்கும்.

பித்தப்பை எடுக்கும் லப்ரொஸ்கோப்பி இதற்கு நல்ல களம், ஏனென்றால் கட்டாயமாக நிற்கவேண்டிய இடம் அதில் ஒன்று இருக்கிறது. கிளிப் போடுமுன் பதிவாளர் கருவியை அசைக்காமல் மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும்: பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியாயிற்று, பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்கிறது, பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய். திரையைப் பார்க்கும் எச்.ஓ.வும் 'ஓம்' சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் கிளிப் இல்லை. பாதிப் பித்தப்பையோடு நிறுத்துவதா, திறப்பதா, வேறொருவரைக் கூப்பிடுவதா என்று அவரையே முடிவு சொல்லவிடுங்கள்.

முடிந்ததும் கையுறை கழற்றும் நேரத்தில் மூன்று நிமிடம். நொட்ஸின் 1 முதல் 4 வரையான அளவில் ஒரே ஒரு கூறுக்கு மட்டும் புள்ளி, பார்த்த செயலோடு: 'பிரஷர் விழுந்தபோது நீ நின்று கேட்டாய், அது 4. ஸ்க்ரப் மிஸ்ஸிடம் ஸ்டேப்ளர் முன்கூட்டிக் கேட்கவில்லை, அதனால் ஆறு நிமிடம் காத்திருந்தோம்.' எல்லாக் கூறுக்கும் ஒரே நாளில் புள்ளி போட்டால் எதுவும் மனதில் நிற்காது.

சிமியுலேட்டர் இல்லை. பயிற்சி எடுக்க முடியுமா?

உங்கள் தியேட்டரே போதும். மாதம் ஒருமுறை, லிஸ்ட் முடிந்தபின், 20 நிமிடம். மேசையில் தலையணை, துணிக்கு அடியில் சிவப்பு நிறத் தண்ணீர் ஓடும் சேலைன் பை, மயக்கமருந்து வைத்தியர் எண்களை வாயால் சொல்வார். இரத்த வங்கிக்கு முன்பே சொல்லிவிட்டு உண்மையாகவே போன் எடுங்கள், அட்டென்டன் உண்மையாகவே போய் வரட்டும், நேரம் பிடியுங்கள். தலைமைக் குறைகளோடு பொருள் குறைகளும் வெளிவரும்: நீட்டிப்பு இலக்கம் மாறியிருக்கும், அலுமாரித் திறப்பு வீட்டுக்குப் போனவரின் பையில் இருக்கும். அவற்றை அந்த வாரமே சரி செய்யாவிட்டால் அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள்.

என் நிபுணருக்கே இதில் நம்பிக்கை இல்லை. பதிவாளரான நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கையில் உள்ள கேஸ்களில் தொடங்குங்கள். இரவு அப்பெண்டிக்ஸ், புண் கீறல், விரல் காயம் இவற்றில் நடத்துபவர் நீங்கள்தான். பெயர் கேட்பது, திட்டத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்வது, கவுண்டுக்கு நிற்பது எதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டாம். நிபுணரின் கேஸ் என்றால் முதல் நாள் மாலை ரவுண்டில் 'சேர், நாளைக்கு மூன்றாவது கேஸில் எங்கே கஷ்டப்படுவோம் என்று நினைக்கிறீங்க, என்ன சாமான் எடுத்து வைக்கச் சொல்லட்டும்?' என்று கேளுங்கள். மாணவன் கேட்கும் கேள்வி என்பதால் அநேகமாக எல்லோரும் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைக் காலையில் ஸ்க்ரப் தாதியிடமும் மயக்கமருந்து வைத்தியரிடமும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.